கண்ணாடி லோடு

— காலையில நாம என்ன பேசினோம்னு ஞாபகம் இருக்கா? "பேசாம லாரியைப் பட்டறையில விடுங்களேன்"னு நான் சொன்னேன். "நாலு நட்டைக் கழட்டி நாலு நட்டை மாட்டற வேலை, டீ ஆறுறதுக்குள்ள வந்துடறேன்"னு நீங்க சொன்னீங்க. அந்த டீயை எறும்பு குடிச்சே தீர்த்துடுச்சு.

— பொறு பொறு. மூணு நட்டு வந்துடுச்சுல்ல? இது ஒண்ணுதான் பிடிவாதம். இதோ, அசையுது.

— அசையறது நட்டு இல்லை, உங்க கால். லாரிக்கு அடியில ரெண்டு கால் மட்டும் நீட்டிக்கிட்டிருக்கு. தெருவுல போறவங்க என்கிட்ட துக்கம் விசாரிச்சிட்டுப் போறாங்க.

— அந்தப் பெரிய ஸ்பேனரைக் கொடு, மகாராணி. அது இல்லை, பக்கத்துல.

— இந்தாங்க, மெக்கானிக் சார். மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வச்சீங்களே?

— அதைக் குடிச்சிட்டு நட்டு தெம்பா உக்கார்ந்திருக்கு. அந்த இரும்புக் குழாயைக் கொடு, ஸ்பேனர்ல மாட்டி நெம்பறேன். ம்ம்... ம்ம்ம்... ஆ!

— ஐயோ! நட்டா, விரலா?

— ரெண்டும். நட்டு கழண்டுடுச்சு, விரல்ல தோல் உரிஞ்சிடுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுது.

— காலையில இருந்து எத்தனை தடவைதான் முடியும்! கையைக் காட்டுங்க, துணி சுத்தறேன்.

— அதை விடு, இந்தப் பழைய ஷாக் அப்சார்பரைப் பாரு. அமுக்கினா அமுங்கினபடியே கிடக்கு. நிமிரவே மாட்டேங்குது.

— பாவம், நம்ம வீட்டுல ரொம்ப நாள் இருந்துடுச்சு போல.

— நக்கலா? புதுசை எடுத்துட்டு வா. அமுக்கிச் சுருக்கி, பட்டை போட்டுக் கட்டியிருக்கும் பாரு.

— அந்தக் கறுப்புப் பட்டையா? பார்சலோட சேர்ந்ததுன்னு கத்தரிச்சுப் போட்டுட்டேனே.

— ரெண்டுலயுமா?

— "எல்லாத்தையும் பிரிச்சு வை"ன்னது நீங்கதானே? கத்தரிச்சதும் குழந்தை சோம்பல் முறிக்கிற மாதிரி மெதுவா நீண்டுச்சு. பார்க்கவே அழகா இருந்துச்சு.

— அழகா இருந்துச்சா! அந்த நீளத்துக்கு அது உள்ளேயே போகாதுடி. இனிமே ரெண்டு பேரும் மேல விழுந்து அமுக்கித்தான் கட்டணும்.

— கத்தாதீங்க. வாங்க, அமுக்கறேன்.

— இன்னும்... இன்னும் கொஞ்சம். உடம்பைப் போட்டு அமுக்கு.

— ஒண்ணு கேக்கறேன். கல்யாணமான புதுசுல இந்த லாரியில என்னை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. போட்ட குலுக்கல்ல மூணு நாள் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். இனி செத்தாலும் இதுல ஏற மாட்டேன்னு சொன்னேன். அப்போ இதெல்லாம் மாத்தத் தோணலை. இப்போ எவனோ கண்ணாடி ஏத்தறான்னதும் ஓடிப் போய் வாங்கிட்டு வர்றீங்க.

— கண்ணாடி உடைஞ்சா ஒட்டாதுல்ல?

— நான் உடைஞ்சா ஒட்டிக்குவேன். நல்லா இருக்கே கதை! கண்ணாடிக்கு ஒரு நியாயம், கட்டினவளுக்கு ஒரு நியாயம்.

— கயிறு, கயிறு! பேச்சுல கையை விட்டுடாதே.

— கட்டியாச்சு. விடிஞ்சா கிளம்பிடுவீங்க. திரும்பி வர பதினஞ்சு நாள். பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போனதுல இருந்து, குழாய் சொட்டற சத்தம்தான் எனக்குப் பேச்சுத் துணை. அதைப் பத்திக் கவலைப்பட ஆள் இல்லை. கண்ணாடியைப் பத்தின்னா நாள் பூரா மல்லாந்து படுத்துக் கவலைப்படறீங்க.

— துளை நேரா வந்துச்சா பாரு.

— வந்துச்சு. போல்ட்டை விடுங்க. பதில் மட்டும் சொல்லிடாதீங்க.

— ஒண்ணு மாட்டியாச்சு. அடுத்ததுக்குக் கயிறு இருக்கா?

— கயிறு இருக்கு, உடம்புலதான் தெம்பு இல்லை. வாங்க, அதையும் அமுக்கித் தொலைப்போம்.

— அப்பாடா! ரெண்டு பக்கமும் முடிஞ்சுது. இந்தத் தடவை நிஜமாவே. ஏறு, தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம்.

— நானா? என் சபதம் என்ன ஆகறது?

— தெருமுனைதானே. ஆடுதான்னு பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்.

— சரி, ஏறித் தொலைச்சுட்டேன், எடுங்க. ம், மெதுவாப் போங்க. ஆனா அந்த வேகத்தடை வந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்.

— அதைத் தாண்டியாச்சு.

— எப்போ?

— நீ கெட்டியாப் பிடிச்சுக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தப்போ.

— தெரியவே இல்லைங்க! தொட்டில்ல உக்கார்ந்த மாதிரி இருக்கு. கொடுத்து வச்ச கண்ணாடி.

— இடுப்பு எப்படி இருக்கு?

— என் இடுப்பை எதுக்கு விசாரிக்கறீங்க? கண்ணாடிக்காரருக்குப் போன் பண்ணி, வண்டி தயார்னு சொல்லுங்க.

— நாளைக்கு ஏத்தறது பஞ்சு.

— பஞ்சா? அதை மொட்டை மாடியில இருந்து தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாதே! அப்போ கண்ணாடி?

— கண்ணாடி லோடே கிடையாது.

— பின்னே நாள் பூரா இந்தக் கூத்து யாருக்காக?

— எத்தனையோ வருஷமா நீ உக்கார்ந்திருக்கற சீட்டு காலியாத்தான் ஓடுது. நீ மறுபடியும் மாட்டேன்னுடுவியோன்னு ஒவ்வொரு தடவையும் கேக்காமலே கிளம்பிடுவேன். இந்தத் தடவை கேட்டுடறேன். என்கூட வர்றியா?