அடியில் கிடக்கும் கட்டு

— பைய, பைய. சொளவ மிதிச்சிராதிய சார். அதுல பீடி இலை இப்பத்தான் வெட்டி அடுக்குனது.

— கவனிக்கலம்மா. எங்கன உக்காரட்டும்?

— அந்த முக்காலிய இழுத்துப் போட்டுக்கிடுங்க. நாங்க சுத்திக்கிட்டேதான் பேசுவோம், கோவிச்சுக்கிடாதிய. கை நின்னா அன்னைக்குப் பொழப்பு நின்னுரும். பீடிக் கம்பெனிக்கு ஜி.எம்.மா இருந்த உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்?

— ஏளா முத்துராணி, வீடு தேடி வந்த மனுசன வந்தவொடனயே இடிச்சுப் பேசாதளா. வாங்க தம்பி. குமரகுருபரன் தம்பிதானே? போஸ்டர்ல முடியெல்லாம் கருகருன்னு இருந்துச்சு, அதான் கேட்டேன்.

— அது போஸ்டர் அடிச்சவன் கைவேலைம்மா. நீங்க மஹ்மூதா பீவிதானே? அடுத்த வீடு.

— அல்லாவே, எம் பேரு கூட ஞாபகம் இருக்கே!

— மஹ்மூதாக்கா, அதுக்கெல்லாம் மயங்கிராதிய. எலெக்சன் வந்தா எல்லாருக்கும் ஞாபகசக்தி தன்னால கூடிரும். ஏன் சார், எம்.எல்.ஏ.வுக்கு நிக்குதவரு கொடி இல்லாம, கொட்டு இல்லாம, வெயில்ல தனியா வந்திருக்கியளே. என்ன சங்கதி?

— சுத்தி வளைக்கல. சாயந்தரம் எங்க பிரச்சார வண்டி இந்தத் தெருவுக்கு வருது. நீ முன்னால நின்னு ஆரத்தி எடுக்கணும்.

— ஆரத்திக்கா ஆளில்ல? தட்டும் கையுமா கட்சிக்காரங்களே வேன்ல கூட்டியாருவாவளே.

— அது கூலி ஆரத்தி. அதைப் பாத்து ஒரு ஓட்டும் விழாது. கம்பெனி வாசல்ல பந்தல் போட்டு என்னை எதுத்துப் போராட்டம் பண்ணுனவ நீ. நீ எடுத்தா ஆத்துக்கு அங்கிட்டு, இங்கிட்டு, பீடி சுத்துத அத்தனை வீட்டுக்கும் ஒரு நம்பிக்கை வரும். உள்ளதைச் சொல்லுதேன், இந்த ஆத்தோரத் தெருவு வராட்டா நான் தோத்துருவேன்.

— இருக்கட்டு, இருக்கட்டு. நம்பிக்கை வர்ற மாதிரி என்ன செஞ்சியன்னு நீங்களே சொல்லுங்க. கேப்போம்.

— பொதுவாச் சொல்லுதேன். நான் பொறுப்புக்கு வரும்போது கம்பெனி இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடந்துச்சு. மூட விடாம நிமித்துனேன். எல்லாப் பொம்பளையாளுக்கும் பி.எஃப். கிடைக்க வச்சேன். ஊரடங்கு காலத்துல மத்த கம்பெனியெல்லாம் இலைய நிறுத்துனப்ப, இலை குடுத்துப் பீடி வாங்குத நம்ம கடைக்கு மட்டும்...

— வந்துச்சு தம்பி, மறுக்க முடியாது. அந்த இலையிலதான் எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சுது. பொய் சொன்னா அல்லா கேப்பான்.

— நீங்க சும்மா இரிங்கக்கா. சார், ஒண்ணு கேக்கேன். பீடிக்கடையில நாங்க கொண்டு போற கட்டுல செக்கரு எதைப் பாப்பாரு? நாங்க மேல வச்சதையா?

— இல்ல. அடியில கெடக்கதை உருவிப் பாப்பாரு.

— அந்த வழக்கம் யாரு கொண்டாந்தது?

— நான்தான். மேல நல்லதா அடுக்கி, மட்டத்தை அடியில ஒளிச்சு வச்சாவ. அதான்.

— அப்ப நீங்க இம்புட்டு நேரம் சொன்னது மேல அடுக்குன கட்டு. அடியில கெடக்கத நான் உருவட்டா?

— உருவும்மா. சொல்லுக்குப் பயந்தா தனியா வந்திருக்க மாட்டேன்.

— மலையடிவாரத்துல ஒரு கடை இருந்துச்சே, அத ஏன் மூடுனிய? அந்த ஊருப் பொம்பளைக பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸேறி அம்பாசமுத்திரத்துக்கு வர வேண்டியதாச்சு. பாதிப்பேரு பஸ்சுக்கு அழுது மாளலன்னு வேலையவே விட்டுட்டாவ.

— அந்தக் கடையில நட்டம்மா. அதை மூடித்தான் மத்த கடையக் காப்பாத்துனேன். இன்னைக்குக் கேட்டாலும் அதத்தான் செய்வேன்.

— சரி. நாளைக்கு எம்.எல்.ஏ. ஆயிட்டிய. நட்டத்துல ஓடுத ஊரு நாலு இருக்கும். அத என்ன செய்விய? மூடிருவியளா?

— அதெப்படி? அது ஊரு, கடையில்லியே.

— அதத்தான் நானும் கேக்கேன். கடைய நடத்துன மனுசன் ஊர எப்படி நடத்துவாவன்னு எனக்குப் புரியணும்லா.

— எனக்கே அது இன்னும் சரியாப் புரியல, முத்துராணி. மேடையில வேற மாதிரி பேசுவேன். உங்கிட்ட பேச வரல.

— புரியலன்னு வாய் விட்டுச் சொன்னாவளே, அதுவே பெருசுளா. எதுத்து நிக்குதவன் வந்தான். எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க பட்டன அமுக்குனாப் போதும்னான். தம்பி, இந்த மோரக் குடிங்க. மூஞ்சியெல்லாம் வேர்த்துருச்சு.

— குடிங்க சார், இனிமத்தான் பெரிய கட்டு வருது. மட்டம்னு கழிச்ச பீடிய எங்க கண்ணு முன்னாலயே ஒடச்சுப் போடணும்னு சட்டம் போட்டிய. ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அதுக்குத்தானே பந்தல் போட்ட.

— ஆமா. பந்தல் போட்டும் நீங்க எறங்கி வரல. காய்ச்சலோட உக்காந்து சுத்துன பீடி சார். செக்கரு கையால நொறுக்கிக் கீழ கொட்டுனான். எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. உங்க வீடு வெளங்குமான்னு நடுரோட்டுல மண்ண வாரித் தூத்துனேன்.

— மாடி ஜன்னல்ல நின்னு பாத்தேன்.

— பாத்துட்டுமா பேசாம நின்னிய?

— எறங்கி வந்து காரணத்தைச் சொல்லியிருக்கணும். மேனேஜர் எதுக்குப் பதில் சொல்லணும்னு ஒரு திமிரு. இப்பச் சொல்லுதேன், கேளு. அந்தச் சட்டத்துக்கு முந்தி, கழிவுன்னு ஒதுக்குன பீடிக்கு உங்களுக்குக் கூலி கிடையாது. ஆனா அதே பீடி பின்வாசல் வழியாப் போயி, நல்ல பீடியோட கலந்து, லேபிள் ஒட்டி விக்கப் போச்சு. கழிக்கக் கழிக்க ஆதாயம்னா செக்கரு கை சும்மா இருக்குமா? ஒடச்சுப் போட்டா யாருக்கும் பிரயோசனமில்ல. அப்பத்தான் நெசமாவே மட்டமா இருக்கதை மட்டும் கழிப்பான்.

— அந்தச் சட்டத்துக்கு அப்புறம் எங்க வீட்டுல கழிவே கொறஞ்சு போச்சு. என் சுத்துதான் நல்லாருக்குன்னு நான்ல பெருமையடிச்சுக்கிட்டு திரிஞ்சேன்! கேட்டியாளா முத்துராணி?

— கேட்டேன் அக்கா. சார், நீங்க வந்து சொல்லுததுக்கு முந்தியே எனக்கு அது தெரிஞ்சு போச்சு.

— யாரு சொன்னா?

— உங்க எடத்துக்கு வந்திருக்காரே புது ஜி.எம்., அவருதான் தெரிய வச்சாரு. வந்த வேகத்துல ஒடைக்குதத நிறுத்திட்டாவ. இப்ப கழிச்சத சாக்குல அள்ளிப் போட்டுக் கட்டிருதாவ. எங்க போவுதுன்னு கேட்டா, ஒஞ் சோலியப் பாருங்கான் செக்கரு. நல்ல பீடியையும் கழிக்கான் சார். எம் மவ சுடலைவடிவு சுத்துனா ஒரு பீடி வாய் பிரியாது. அவ கட்டுல பாதியக் கழிச்சுட்டான். வெறுங்கையோட வந்து, இந்த வாசல்ல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதா.

— இது முதலாளிக்குத் தெரியுமா?

— மெட்ராசுல இருக்க முதலாளிக்கு நம்ம ஊரு சாக்கு தெரியுமா தம்பி? நீங்க வாரத்துக்கு ஒருக்கா சொல்லாம கொள்ளாம கடைக்கு வந்து நிப்பிய. இந்தப் புது ஜி.எம். காரை விட்டு எறங்குததே இல்ல. உங்கள மாதிரி, ஆத்துல போட்டாலும் அளந்து போடுத மனுசன் வேணும்லா.

— நான் ஜெயிச்சாச் சட்டசபையில எந்திரிச்சு இதக் கேப்பேன், முத்துராணி. சத்தியமாச் சொல்லுதேன்.

— கேப்பிய. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. மந்திரி பதில் சொல்லுவாரு. கமிட்டி போடுவாவ. அதுக்குள்ள எத்தன சாக்கு போயிருமோ.

— அப்ப ஆரத்தி?

— எடுக்கேன் சார். மஞ்சளும் சுண்ணாம்பும் நானே கரைச்சு, நானே எடுக்கேன். அன்னைக்குத் தூத்துன மண்ணு எம் மனச உறுத்துது. உங்களப் போய்த் தூத்துனோமேன்னு இருக்கு.

— அது போதும்மா. ஒரே ஒரு கேள்வி, கட்சி ஆபீஸ்ல கேப்பாவ. இந்தத் தெருவு ஓட்டு?

— நீயே சொல்லுளா. எனக்கு நாக்கு எழும்ப மாட்டேங்கு.

— நேத்து பொம்பளையாளெல்லாம் கூடிப் பேசிட்டோம் சார். நீங்க தோத்தா மறுபடியும் ஜி.எம்.மா எடுத்துக்கிடுவேன்னு முதலாளி சொல்லியிருக்காவளாமே. நெசமா?

— நெசந்தான். நாற்காலி எப்பவும் உனக்கு உண்டுன்னாரு. அத எதுக்கு இப்பக் கேக்க?

— அப்பச் சரி. எங்க தெருவுல ஒரு ஓட்டு கூட உங்களுக்கு விழாது சார். எங்களுக்கு நீங்க வேணும்.