புள்ளி வச்ச ஃபில்டர்

— கையை எடுங்க தம்பி. அந்த டயாலிசிஸ் ஃபில்டரை நான் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு மாட்டணும்.

— பாருங்கக்கா. புதுசுதான். உங்க எதிர்லதானே கவரைப் பிரிச்சேன்.

— கவர் புதுசா இருக்கலாம். போன தடவை மாட்டினதோட அடியில நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சேன், கழுவித் திரும்ப மாட்டினா பிடிச்சிடலாம்னு.

— அடேங்கப்பா. இதுல புள்ளி இருக்கா?

— இல்ல. அப்ப பழசு இல்ல, மட்ட ரகமா மாத்தியிருக்கீங்க. அவருக்கு ரெண்டு மாசமா ரத்தத்துல பொட்டாசியம் ஏறிட்டே போகுது. இப்படியே போனா நெஞ்சு நின்னுடும்னு டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்றார். டயாலிசிஸ் பண்றது நீங்க. வேற யாரைக் கேக்கறது?

— பாருங்கக்கா, இதுக்குள்ள முடி மாதிரி ஆயிரக்கணக்குல குழாய். குழாயோட சுவர்தான் சவ்வு. உள்ள ரத்தம் ஓடும், வெளிய மருந்துத் தண்ணி ஓடும். ரத்த அணு பெருசு, சவ்வைத் தாண்டாது. பொட்டாசியம் பொடிசு, நழுவி வந்துடும்.

— என்கிட்ட வேண்டாம், நானும் விசாரிச்சிருக்கேன். எல்லா சவ்வும் ஒண்ணா?

— ஒண்ணில்ல. சின்ன ஓட்டை ஒரு ரகம், பெரிய ஓட்டை ஒரு ரகம். பெருசுல கொஞ்சம் பருமனான கழிவும் சேர்ந்து வரும். பொட்டாசியம் ரெண்டுலயும் வந்துடும்.

— வந்தா ஏன் ஏறுது?

— திங்கக்கிழமை இங்கிருந்து கிளம்பறப்ப பொட்டாசியம் நாலு. இன்னைக்கு வர்றப்ப ஆறரை. நடுவுல அவர் எங்க இருந்தாரு?

— என் வீட்டுல. என்னைச் சொல்றீங்களா?

— கேக்கறேன், அவ்வளவுதான். என்ன சாப்பிடறாரு?

— பழத்தைக் கண்ணுல காட்டறதில்ல. காயை ஊறவச்சு, வேகவச்ச தண்ணியக் கொட்டிடுவேன். உப்பைக் குறைன்னாங்க, சாதா உப்பையே வீட்டைவிட்டுத் துரத்திட்டேன். இப்ப சோடியம் குறைஞ்ச உப்புதான். நாக்கு செத்துப்போச்சுன்னு புலம்பறாரு பாவம், அதை மட்டும் தாராளமா போடுவேன்.

— எப்பலேருந்து?

— ரெண்டு மாசமா. ஏன் தம்பி மூஞ்சி மாறுது?

— அந்தப் பாக்கெட் இருக்கா?

— பையிலயே இருக்கு. சப்புன்னு இருந்தா தூவிக்கட்டும்னு எடுத்துட்டு வருவேன்.

— பின்பக்கம் படிங்கக்கா. சோடியத்தைக் குறைச்சிட்டு எதைச் சேர்த்திருக்காங்க?

— பொட்டாசியம்... குளோரைடு.

— கொஞ்சம் உக்காருங்க.

— உக்கார நேரமில்ல. அங்க பாருங்க, டிபன் டப்பாவைத் தொறந்துட்டாரு. போய்ப் பிடுங்குங்க தம்பி, அவர் வாய்க்குப் போறதுக்குள்ள. காலையில அதுல இந்த உப்பை ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டது இந்தக் கைதான்.