ஒண்ணாம் கம்பி

சரி, நடுவுல ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு மேல போறேன். மைக்செட் அண்ணே, அந்த எக்கோவைக் கொஞ்சம் கொறைங்க. பாட்டுக்கு எக்கோ வேணும், கதைக்கு ஆகாது.

இங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரும் மெல்லிசைக் கலைஞர்கள். உங்ககிட்ட வந்து இசையைப் பத்திப் பேசறது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற வேலை. தெரிஞ்சேதான் விக்கிறேன்... வாங்கிக்கங்க.

திருச்சி பொன்மலையில நெவில் ரொசாரியோன்னு ஒருத்தர் இருந்தாரு. ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். பகல்ல ஸ்பேனர், சாயங்காலம் கிட்டார். ராக் வாசிப்பாரு. அவரு கிட்டாரை மாட்டிக்கிட்டு நின்னா சும்மா நிக்கிற காலும் தாளம் போடும்.

எண்பத்தேழுல ஒரு ஈஸ்டர் சாயங்காலம். பொன்மலையில ஒரு ஹால்ல கச்சேரி. வாசிப்பு உச்சிக்கு ஏறப்போற நேரம்... டங்குன்னு ஒண்ணாம் கம்பி அறுந்துபோச்சு. இருக்கிற ஆறு கம்பியில அதுதான் மெல்லிசு. மேல் சத்தம் எல்லாம் அதுலதான். மாத்துக் கம்பி கையில இல்ல. என்ன பண்ணுவாரு மனுஷன்?

ரெண்டாம் கம்பியைப் பிடிச்சாரு. அதையே இழுத்து... இழுத்து... எட்டாத சத்தத்தை எட்ட வெச்சாரு. கிட்டார் அழுதுச்சு. சவுண்டு சர்வீஸ்காரர் பார்த்தாரு, இதை விடக்கூடாதுன்னு அப்பத்தான் டேப் ரெக்கார்டர் பட்டனை அமுக்கினாரு.

ஜனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. நெவில் என்ன நெனச்சாரு தெரியுமா? பரிதாபப்பட்டுத் தட்டறாங்கன்னு நெனச்சாரு. "நம்ம வாசிப்பைப் பதிஞ்சது ஒரே ஒரு தடவை. அதுலயும் மானம் போச்சே"ன்னு வீட்டுக்குப் போனாரு, கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில தள்ளினாரு. அதுக்கப்புறம் மேடை ஏறல. ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம் இல்ல... முப்பது வருஷம்.

ரிட்டயர் ஆனாரு. இனி இது நமக்கு எதுக்குன்னு கிட்டாரைத் தூக்கிக்கிட்டு பெரிய கடை வீதியில ஜமால் பாயோட வாத்தியக் கடைக்கு வந்தாரு. "பாய், இதை யாராவது வாசிக்கிறவனுக்குக் குடுத்துடுங்க."

கடையில ஒருத்தர் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கிட்டு இருக்காரு. பேரு திருமாறன். புதுக்கோட்டை ஆர்க்கெஸ்ட்ராவுல லீட் கிட்டார், வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். அஞ்சு கம்பியை மாட்டினாரு. மிச்சம் இருந்த அந்த மெல்லிசு ஒண்ணாம் கம்பியை உறையைக்கூடப் பிரிக்காம கல்லாப் பக்கத்துல இருந்த தகர டப்பாவுல போட்டாரு. டப்பா நெறைய அதே கம்பி.

நெவிலுக்குப் பொறுக்கல. "என்ன மேன், ஒண்ணாம் கம்பியை மறந்துட்ட?"

"மறக்கல சார். எங்க வழக்கம் அப்படி. நாங்கள்லாம் பொன்மலை கிட்டார்."

"அது என்ன மேன் பொன்மலை கிட்டார்?"

"ஒரு கேசட் சார். யாரு வாசிச்சதுன்னு தெரியாது, அட்டையில 'பொன்மலை கிட்டார்'னு மட்டும் இருக்கும். காப்பிக்குக் காப்பி எடுத்து மணப்பாறை, காரைக்குடி, அறந்தாங்கி வரைக்கும் போயிருக்கு. அதைக் கேட்டுத்தான் நாங்க அத்தனை பேரும் கத்துக்கிட்டோம். அந்த மகராசன் ஒண்ணாம் கம்பியைத் தொடவே மாட்டாரு சார்."

சொல்லிட்டு வாசிச்சுக் காட்டினாரு. அதே இடம்... அதே இழுப்பு... அதே அழுகை. நெவில் ஸ்டூலைத் தேடிப் பிடிச்சு உக்காந்தாரு.

"மேன்... அவன் தொடாம இல்ல. அது அறுந்துபோச்சு. அந்தக் கேசட்ல வாசிச்சது நான்தான். அது தப்பு மேன். தப்பைப் போய் எல்லாரும் படிச்சிருக்கீங்களே."

திருமாறன் கிட்டாரைக் கீழ வெச்சாரு. அப்புறம் சொன்னாரு: "சார், கம்பி அறுந்தது எங்க காதுல விழவே இல்ல. நீங்க நிறுத்தாம வாசிச்சீங்க பாருங்க... அதுதான் விழுந்துச்சு. எங்கப்பா செத்த வருஷம் சார் அந்தக் கேசட்டைக் கேட்டேன். அந்த வாசிப்பு மட்டும் இல்லன்னா நான் இன்னைக்கு இல்ல."

நெவில் அழுதாரு. ஜமால் பாயும் அழுதாரு, ஆனா தும்மல்னு சொல்லிட்டாரு. அப்புறம் நெவில் எந்திரிச்சு அந்த டப்பாவுல கையை விட்டு ஒரு ஒண்ணாம் கம்பியை எடுத்தாரு. தன்னோட கிட்டார்ல மாட்டினாரு. "பாய், இதை யாருக்கும் குடுக்க வேணாம். நானே வாசிக்கிறேன்."

ஏன் இந்தக் கதையைச் சொல்றேன்?

நான் பேசும்போது நடுநடுவுல நிறுத்தறேன்... இந்தா, இப்படி. நல்லா இருக்குன்னு சொல்றீங்க. இது என் சொத்து இல்ல. மன்னார்குடி சொக்கநாதன் ஐயான்னு ஒரு பேச்சாளர். அவரைப் பார்த்துத்தான் படிச்சேன். அவரு நிறுத்தினா கூட்டமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அவரு காலமான அன்னைக்குப் போயிருந்தேன். அவரு வீட்டம்மாகிட்ட அந்த நிறுத்தத்தைப் பத்திப் பெருமையாச் சொன்னேன். அவங்க சொன்னாங்க: "அது என்னங்க நிறுத்தம்? அவருக்கு ஆஸ்துமா. மூச்சு வாங்க நிப்பாரு. பேச்சு கெட்டுப்போவுதேன்னு தினம் வீட்டுல வந்து வருத்தப்படுவாரு."

இருபது வருஷம் அவரு மூச்சுத் திணறல்ல நான் சோறு தின்னிருக்கேன். ஒரு வார்த்தை, ஐயா அதுதான் அழகுன்னு ஒரே ஒரு வார்த்தை, நான் போய்ச் சொல்லல. திருமாறன் சொல்லிட்டாரு, அவரு குடுத்து வெச்சவரு. எனக்குச் சொல்ல ஆள் இல்ல.

உங்களுக்கு இருக்காங்க. யாரோட வாசிப்பை உங்க விரல்ல வெச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியும். அந்த மனுஷன் எங்கயோ ஒரு வீட்டுல தன்னை ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம். நான் இன்னும் பத்து நிமிஷம் பேசணும்னு சொல்லியிருக்காங்க. பேசல. அந்தப் பத்து நிமிஷத்தை உங்களுக்கே தர்றேன்... வெளியில போய் அவருக்கு ஒரு போனைப் போடுங்க.