பதினோரு வருஷமும் எட்டு மாசமும்

ஹலோ… ஆமா, நான்தான். ரூபியெலா… வைக்காதே. ஒத்தீலியா, வைக்காதே, ரெண்டே நிமிஷம்… கத்தாதே, காது கிழியுது… நான் எங்க கத்துறேன், நீதான் கத்துறே… சரி, நானும்தான் கத்துறேன். ரெண்டு பேரும் நிறுத்துவோம்… முதல்ல நீ நிறுத்து.

ம்… ஆமா… ஆமா, திருடிதான். சொல்லி முடி… பாம்பு. சரி, அதையும் சேர்த்துக்கோ… ஞானத்தாய்னு சொல்லிக்க வாய் கூசலையான்னு கேக்குறியா? கூசலை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி உன் மகளை ஞானஸ்நானத்துக்குக் கோயில்ல ஏந்திக்கிட்டு நின்னது என் கைதான். அன்னைக்கு உன் புருஷன் எந்த நிலைமையில வந்தான்னு நான் இன்னும் வெளியில சொல்லலை… சொல்லிட்டேனா? யார்கிட்ட?… சரி, அது பழைய கதை.

முடிச்சிட்டியா?… அப்ப நான் சொல்றேன். நீ அங்கே துன்ஹாவுல உன் தம்பி வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, இங்கே எல் ரொசால்ல நாலு பேரு நாலு விதமா சொன்னதைக் கேட்டுட்டுப் பேசுறே. நடந்ததை நடந்தபடி சொல்ல இந்தத் தெருவுல என்னை விட்டா ஆள் உண்டா?… சிரிக்கிறே. சிரி. சிரிச்சா பரவாயில்லை.

ஏப்ரல் மாசம் பூப்பண்ணைக் கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. ரோஜாவை வகை பிரிச்சுக் கட்டுற கூடத்துக்கு ஒரு மேற்பார்வை வேணும். பள்ளிக்கூடம் முடிச்ச சான்றிதழ் இருக்கணும், மூணு வருஷ அனுபவம் இருக்கணும். உன் மக யூர்லேகிட்ட சான்றிதழ் இருந்துச்சு, அனுபவம் எட்டு மாசம். என்கிட்ட அனுபவம் பதினோரு வருஷம், சான்றிதழ்தான் இல்லை. ஏழாம் வகுப்போட என்னை உருளைக்கிழங்கு தோண்ட அனுப்பினாரு எங்க அப்பா, உனக்குத் தெரியாததா. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒட்டினா ஒரு முழு ஆளு தேறும்… ஆமா, அவளை எழுதிப் போடச் சொன்னது நான்தான். அன்னையர் தினத்துக்குப் பூ ஏத்தி முடிச்ச மறுநாளே சீசன் ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிடுவான். அவ சீசன் ஆளு. இது நிரந்தர வேலை. அதை விட்டா அவளுக்கு என்ன வழி, நீயே சொல்லு… எட்டு மாசத்தை, வேற பண்ணைக் கணக்கும் சேர்த்து, மூணு வருஷம்னு போட்டது யாரா? கை அவளோடது, யோசனை என்னோடது… பொய்தான். யாரு இல்லைன்னா? இந்த ஊர்ல விண்ணப்பத்துல உண்மை எழுதினவங்க இருந்தா வரிசையா நிறுத்து, பார்க்கிறேன்.

கேளு. மூணு வாரம். தினமும் வேலை விட்டு வந்ததும் என் அடுப்படியில பாடம். அவ செல்லுல எதையோ பார்த்து நெட்டுரு போட்டுட்டு வருவா. 'என் பலவீனம் என்னன்னா, எந்த வேலையையும் அரைகுறையா விட எனக்கு மனசு வராது.' இதை அவ சொல்லிக் கேட்டு, என் பக்கத்து மேசை நொஹோரா குடிச்சுக்கிட்டிருந்த சாக்லேட்டைத் துப்பிட்டா. நொஹோராதான் முதலாளி வேஷம். என் நல்ல நாற்காலியில கால் மேல கால் போட்டுக்கிட்டு, 'அடுத்த அஞ்சு வருஷத்துல உன்னை எங்கே பார்க்கிறே?'ன்னு கேட்டா. 'இந்தத் தெருவுலதான், வேற எங்கே'ன்னுச்சு உன் பொண்ணு… அதேதான், அப்படியே உன்னை மாதிரி.

அதெல்லாம் விடுன்னுட்டு நான் வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். தண்டை எப்படிப் பார்க்கிறது, மொட்டு எவ்வளவு விரிஞ்சிருந்தா எந்த ஊருக்குப் போகும், ரெண்டு பொம்பளைங்க ஒரே மேசைக்கு முட்டிக்கிட்டா யாரை நகர்த்தணும், யாரை நகர்த்தினா அன்னைக்கு வேலையே கெடும். பதினோரு வருஷத்தையும் அவ வாயில ஊட்டிவிட்டேன். எல்லாத்தையும் திருப்பிச் சொன்னா, கெட்டிக்காரிதான். ஆனா சொல்லும்போது கை வேர்க்கும். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னா, 'சித்தி, என்னை எடுத்துட்டா என்ன செய்யறதுன்னு பயமா இருக்கு. எடுக்கலைன்னா என்ன செய்யறதுன்னும் பயமா இருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.' நான் என்ன சொன்னேன்? வாயை மூடிட்டு நிமிர்ந்து நில்லுன்னேன்… ஆமா, இன்னும் நல்லா சொல்லியிருக்கலாம்.

இரு, வீட்டைப் பார்க்க வந்ததைச் சொல்லலையே… தெரியும்தான், ஆனா நொஹோரா சொன்னது தெரியும். நான் சொல்றதைக் கேளு. பெரிய வேலைன்னா பண்ணையில இருந்து ஒரு அம்மா முதல்ல வீட்டுக்குத்தானே வரும், சுவரு, சமையலறை, சனங்க எல்லாத்தையும் மோந்து பார்க்க. உன் மக வீட்டுல என்ன இருக்கு, ரெண்டு முக்காலி. அதனால என் ஊதா சோஃபாவைத் தூக்கிட்டுப் போனோம். அந்த அம்மா வந்தா, உட்கார்ந்தா, கைப்பிடியைத் தடவினா. 'இந்த சோஃபா எனக்குப் பழக்கம்தான். இந்த வருஷம் இதுல உட்கார்ற நாலாவது வீடு'ன்னா… நான் எங்கே போய் முகத்தை வச்சுக்கிறது? நல்லவேளை, நான் திரைக்குப் பின்னாடி சாக்லேட் கொதிக்க வச்சுக்கிட்டு இருந்தேன். விண்ணப்பத்துல அக்கம்பக்கத்து சாட்சின்னு என் பேரைத்தானே போட்டிருந்தா, நான் அங்கே இருக்கிறது தெரியக்கூடாதே.

அதோட உன் பொண்ணுக்கு முகத்துல ரத்தமே இல்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வி. லாரி வாசல்ல நிக்குது, ஒரு கட்டுல சாம்பல் பூஞ்சை தெரியுது, என்ன செய்வே? இதை நான் அவகிட்ட இருபது தடவை கேட்டிருக்கேன் ஒத்தீலியா. இருபது தடவையும் சரியா சொன்னவ. அன்னைக்கு, 'நான் குழுவோட சேர்ந்து உழைப்பேன்'ங்கறா. அந்த அம்மா பேனாவை மூடி வைக்குது. உள்ளே பால் பொங்குது. எனக்குப் பொறுக்கலை. திரைக்கு இந்தப் பக்கத்துல இருந்தே, 'அந்தக் கட்டு மட்டுமில்லை, அதே கூடாரத்துல வெட்டின பூ இருக்கிற வாளி அத்தனையையும் நிறுத்து, ஒண்ணும் குளிர் அறைக்குள்ள போகக்கூடாது'ன்னுட்டேன்… வேணும்னு இல்லை. சத்தியமா வேணும்னு இல்லை. வாய் தானா சொல்லிடுச்சு. என் வாய் எப்ப என்னைக் கேட்டுப் பேசியிருக்கு?

திரை விலகுது. 'நீங்க யாரு?'… நான் என்ன சொல்றது, கையில கரண்டி. 'எத்தனை வருஷம்?' பதினோருன்னேன். 'நீங்க ஏன் எழுதிப் போடலை?' சான்றிதழ் இல்லைன்னேன். அந்த அம்மா சாக்லேட்டை முழுசாக் குடிச்சா, சீஸையும் மிச்சம் வைக்கலை. யூர்லே தரையைப் பார்த்துக்கிட்டே நின்னா. அன்னைக்குச் சாயங்காலம் சோஃபாவை யாரையும் கூப்பிடாம தானே இழுத்துட்டு வந்து என் வாசல்ல வச்சிட்டுப் போனா.

ரெண்டு நாள் கழிச்சு ஆபீசுல இருந்து போன். வியாழக்கிழமை வாங்கன்னு… யாரை? என்னைத்தான்.

…

கேட்டேன். காது நல்லாத்தான் கேக்குது. போகாம இருந்திருக்கலாம்னுதானே சொல்றே.

…இருந்திருக்கலாம்.

பதினோரு வருஷத்துல, 'ரூபியெலா, நீ என்ன நினைக்கிறே?'ன்னு ஒருத்தரும் கேட்டதில்லைடி. அன்னைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு உட்கார்ந்து, நான் சொல்றதை எழுதிக்கிட்டாங்க. போகக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். போகக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் பஸ் ஏறினேன்… பலவீனமா? கேட்டாங்க. பேச்சுன்னேன். சிரிச்சாங்க.

சரி, எடுத்தாச்சு. நல்லா இருக்கேனான்னு கேளு… கேக்க மாட்டே. நானே சொல்றேன். சான்றிதழ் வாங்கினாத்தான் வேலை நிலைக்கும்னு சொல்லிட்டாங்க. சனி, ஞாயிறு பள்ளிக்கூடம். ஐம்பத்தோரு வயசுல கணக்குல எக்ஸ் எங்கேன்னு தேடுறேன். மத்த நாள் கண்ணாடி அறை. கூடத்து நடுவுல ஒரு பெட்டி மாதிரி, அதுக்குள்ள நான், தலையில மேற்பார்வைக்காரங்களுக்குன்னு வெள்ளைத் தொப்பி. வெளியில நாப்பது பொம்பளைங்க. எல்லா வாயும் அசையுது, சத்தம் ஒண்ணும் உள்ளே வராது. யாரு யாரோட போனா, யாரு வீட்டுல என்ன வெடிச்சுது, ஒண்ணும் தெரியலை. கதவைத் திறந்து வெளியே வந்தேன்னா, நாப்பது வாயும் ஒண்ணா மூடிக்குது. பஸ்ல என் பக்கத்து சீட்டு காலி. நொஹோரா என்னை 'வணக்கம் மேடம்'ங்கறா. நொஹோரா. என் அடுப்படியில துப்பினவ.

ராஜினாமாவா? எப்படிப் பண்றது? பண்ணினா வகை பிரிக்கிற மேசைக்குத் திரும்ப முடியாது, அங்கே என் இடத்துல வேற ஆள் நிக்குது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லைடி நான்… அழலை. சளி.

இப்ப எதுக்குக் கூப்பிட்டேன்னு கேளு. வீட்டுக்கு அனுப்பின சீசன் ஆளுங்கள்ல நிரந்தரமா வச்சுக்கிற ஆளுங்க பட்டியலை நான் எழுதணும். அதுல முதல் பேரு யூர்லே. நான்தான் எழுதினேன், பெரியவங்ககிட்ட ஒத்துக்கவும் வச்சிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அவ வந்து ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். ஆனா நாலு நாளா அவ வீடு பூட்டியிருக்கு. ஜன்னல்ல திரை கூட இல்லை. தெருவுல யாரைக் கேட்டாலும் தெரியாதுங்கறாங்க. தெரியாதுன்னு சொல்ற மூஞ்சியா அதெல்லாம்? உன் மக உன்கிட்ட இருக்கான்னா போனைக் குடு. நான் தப்பு பண்ணினேன்னு அவகிட்டயே சொல்லிடறேன்… உன்கிட்டயும்தான். இப்பச் சொல்லிட்டேன்ல.

…

என்னது?… கல்யாணமா? எப்ப?… போன ஞாயித்துக்கிழமையா? எங்கே, துன்ஹாவுலயா?… யாரு அவன்? எவெரா? எந்த எவெர்?… உரக்கடையில மூட்டை இறக்குவானே, அவனா? எவ்வளவு நாளா?… ஒரு வருஷமா. என் வீட்டுக்கு ரெண்டு வாசல் தள்ளி ஒரு வருஷமா, எனக்குத் தெரியாம.

இரு. ஞாயித்துக்கிழமைன்னா தெருவே காலியா இருந்துச்சே. நாய் மட்டும்தான் இருந்துச்சு. நான் கணக்குப் பாடம் முடிச்சுட்டு வந்து, பரவாயில்லையே, அமைதியா இருக்குன்னு… பஸ் வச்சா? எல்லாருமா?… நொஹோராவும் வந்தாளா… ஆடினாளா. அவளுக்கு முழங்கால் வலின்னு திங்கட்கிழமை லீவு கேட்டா, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ம்… ம்… ரியோநெக்ரோவுக்கா? ரெண்டு பேருமேவா?… அங்கேயும் பூப்பண்ணைதான். என்ன வேலையாம்?… திரும்பச் சொல்லு… மேற்பார்வை. நேர்முகத்துல தேறிட்டாளா. கை வேர்க்கலையாமா?… எத்தனை வருஷ அனுபவம்னு சொன்னாளாம்?… எட்டு மாசம்னேவா? உள்ளதை உள்ளபடியா?… நல்லது. இல்லைடி, நிஜமாத்தான் சொல்றேன், நல்லது.

அப்ப பட்டியல்ல அவ பேரை அடிச்சிடறேன்.

ஒத்தீலியா… வச்சிடாதே. திட்டணும்னா திட்டிட்டு வையி, ஆனா கொஞ்சம் சொல்லிட்டு வையி. என்ன உடை போட்டிருந்தா? உன் தம்பி மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூடப் பேசினானா? யாரு அழுதா, யாரு குடிச்சிட்டு விழுந்தா, சாப்பாடு பத்துச்சா… ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும். ஞானத்தாய் எங்கேன்னு சாமியார் கேட்டிருப்பாரே, அவரு கேட்டப்போ நீங்க என்ன… ஹலோ… ஒத்தீலியா… ஹலோ…