திரும்பாதவரை புகை இல்லை

வந்தவர்களைக் கவனித்துக்கொள்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. சுற்றுச்சூழல் அரசியல் ஆய்வு மையத்துக்கு வெளியூர் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்து அழைப்பது பதினோரு வருடமாக என் வேலை. விளம்பரம் கொடுப்பேன், விண்ணப்பங்களைப் பிரிப்பேன், வருகிறவருக்கு மேசை, நாற்காலி, கம்பளி எல்லாம் தயாராக வைப்பேன்.

ஒரு நாள் இயக்குநர் அம்மா கூப்பிட்டார். "ஊருக்கெல்லாம் புகையக் குறைங்கன்னு சொல்றோம். நம்ம ஆளுங்க பிளேன்லதான் வந்து போறாங்க. இந்த வருஷம் பயணப் புகை பூஜ்யமா இருக்கணும். எப்படின்னு நீங்களே பாத்துக்கோங்க" என்றார். பார்த்துக்கொண்டேன்.

எங்கள் படிவத்தில் ஒரு விதி உண்டு. ஆய்வாளர் ஊர் திரும்பிய பிறகுதான், போக வர இரண்டு பயணத்தின் புகையும் சேர்ந்து பதிவாகும். அவர் திரும்பாதவரை கட்டம் காலி. இந்த விதியை நான் போடவில்லை. உட்கார்ந்து முழுசாகப் படித்தவன் நான் ஒருவன்தான், அவ்வளவே.

கீழ்த்தளத்தில் பழைய வரைபட அறை இருக்கிறது. குளியலறை உண்டு, ஜன்னல் கிடையாது, கைபேசியும் எடுக்காது. முதலில், முனைவர் பட்டம் முடித்துவிட்டுக் காடுகளைப் பற்றி ஆராய வந்த ஒரு போஸ்ட்டாக் பையனை அங்கே உட்கார வைத்தேன். வெளியே பூட்டியிருப்பது நாலு நாள் வரை அவருக்குத் தெரியவில்லை. கட்டுரையில் அப்படி ஒரு மும்முரம். தெரிந்ததும் கதவருகே வந்து, "தொறக்கலன்னாலும் பரவால்ல சார், ஒரு சிபாரிசுக் கடிதம் மட்டும் குடுத்துருங்க" என்றார். தங்கமான பிள்ளை. கொடுத்தேன்.

வீட்டில் தேடமாட்டார்களா என்கிறீர்கள். 'பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டுள்ளது' என்று அவர் பெயரில் ஒரு வரி அனுப்பினேன். வாழ்த்து வந்தது.

சிக்கல் அடுத்து அதே அறைக்கு வந்த, நதிகளை ஆராயும் பேராசிரியர் அம்மாவால்தான். அவர் மூன்று மாத அழைப்பில் வந்தவர். ஊரில் மகள் நிறைமாதம். "தலைப்பிரசவம் சார். நான் பக்கத்துல இல்லன்னா அவ பயந்துருவா. தயவு பண்ணி விட்டுருங்க" என்று தினமும் கதவைத் தட்டினார். நானும் ஒருமுறை சாவியைக் கையில் எடுத்தேன். ஆனால் அந்த வாரம்தான் மையத்துக்குப் பசுமை விருது அறிவித்திருந்தார்கள். அவர் ஊர் போய்ச் சேர்ந்தால் அத்தனை புகையும் ஒரே நாளில் என் தலையில் விழும். பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்று செய்தி வந்ததும் கதவிடுக்கில் சொன்னேன். அவர் உள்ளே அழுதார். நானும் வெளியே நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மகள் கைக்குழந்தையோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நான் அனுப்பிய நீட்டிப்புச் செய்தியைக் காட்டி, "இது எங்கம்மா எழுதினதில்ல. அவங்க எழுதியிருந்தா மொதல்ல குழந்தை பால் குடிக்குதான்னு கேட்டிருப்பாங்க. எங்க இருக்காங்க?" என்றார்.

ஒரு தாயைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கீழே அழைத்துப்போய்ப் பூட்டைத் திறந்தேன். பேராசிரியர் பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மகள் அவர் தோளில் சாய்ந்து தேம்பினார். போஸ்ட்டாக் பையன்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் குடும்பத்தை மறுபடி பிரிக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா. மூவரையும் சேர்த்தே பூட்டினேன்.