கதவோரத்து டேப்

“கதவத் திறந்தா லைட்டு எரியக் கூடாதுன்னு ஒரு மனுசன் எதுக்குக்கா நினைக்கணும்?”

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவள் தங்கை. தன் கணவரின் காரைப் பற்றித்தான் பேச்சு.

“பல்பு போயிருக்கும்டி.”

“புது பல்பு போட்டாச்சு. பியூசும் நல்லாத்தான் இருக்கு. கடைசியில மெக்கானிக்கு கதவோரத்துல பாத்தாரு. கதவ மூடுனா அமுங்கி லைட்ட அணைக்குற பொத்தான் ஒண்ணு அங்க இருக்கு. அத அமுக்கி, மேல டேப்ப ஒட்டியிருக்கு. இவுக வேலதான்.”

அக்காவின் குரல் தாழ்ந்தது. “வண்டியில யாரையும் ஏத்திட்டு வாராகளோ?”

“எனக்கும் அதே சந்தேகந்தான். சீட்டெல்லாம் மோந்து பாத்தேன். ஒண்ணுமில்ல. எதுக்கு ஒட்டுனீகன்னு கேட்டா, பேட்டரி மிச்சமாகுமுங்கிறாக.”

“பொய்யி.”

“முந்தாநாளு சாயங்காலம் டேப்பப் பிச்சுட்டேன். வண்டிக்குள்ள உக்கார வச்சு, லைட்டு எரியுறப்பவே சாவியப் போடுங்கன்னேன்.”

“போட்டாகளா?”

“துழாவுறாகக்கா. அங்குட்டும் இங்குட்டும் குத்துறாக, துவாரம் ஆப்புடல. இருட்டுல தெரியலன்னு இத்தன நாளு சமாளிச்சேன், வெளிச்சத்துலயும் தெரியலன்னா வண்டிய ஓட்ட விடமாட்டியேன்னு அழுகுறாக. பிள்ளைய தினம் பள்ளிக்கூடத்துல விடுற வண்டிக்கா அது.”

“நீ என்ன செஞ்ச?”

“சாவிய வாங்கிக்கிட்டேன். நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கயும் எல்லா எழுத்தையும் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுருவாகளோன்னுதான் இப்பச் சந்தேகம்.”