வியாழக்கிழமை வசனங்கள்

ஆட்களைச் சிரிக்க வைப்பது கஷ்டமான தொழில் என்பார்கள். எனக்கு அது வாரம் ஒரு டிராம் பயணம், அவ்வளவுதான். கெய்ரோவில் என் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள்: ஹில்மி, நான் வசனம் எழுதிய பதினாறு நகைச்சுவைப் படங்கள், கல்யாண வீடுகளில் இன்றும் பாடுகிற நாற்பது பாட்டுகள். வியாழன்தோறும் பஸ்பூஸா இனிப்பு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, மனநல மருத்துவமனையில் இருந்த தம்பி ரிஃப்கியைப் பார்க்கப் போவேன். எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் கொண்டுபோவேன்.

அம்மா இறந்தபோது அவன் மனம் கலங்கிப்போனது உண்மை. நான்தான் சேர்த்தேன். அங்கே போனபிறகுதான் அவன் பேச்சில் அவ்வளவு சிரிப்பு வந்தது.

"எங்க வார்டுல தன்னைப் பாஷான்னு, பெரிய பிரபுன்னு நினைச்சுக்கிற மூணு பேர் இருக்காங்கண்ணே. கக்கூஸ் போக ஒரே ஜோடி செருப்பு. அதனால முறை வச்சு ஆட்சி பண்றாங்க."

அதை அப்படியே படத்தில் வைத்தேன். தியேட்டர் அதிர்ந்தது.

ஆறே மாதத்தில் டாக்டர் கூப்பிட்டார். "தம்பி குணமாயிட்டார் உஸ்தாத், கூட்டிட்டுப் போங்க." கூட்டிவந்தேன். ஒரு மாதம் வயிறாரச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான். எதைக் கேட்டாலும், "நல்லா இருக்குண்ணே" என்பான். ஒரு மாதத்தில் எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. தயாரிப்பாளர் பாட்டுக்காகக் காத்திருந்தார்.

திரும்பக் கொண்டுபோய் விட்டேன். "என் மகள் கழுத்தை நெரிக்கப் போனான் டாக்டர்" என்றேன். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மகள் கிடையாது.

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அவனை அங்கேயே வைத்திருக்கச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். டாக்டர்கள் மாறினார்கள், அந்த மகள் மட்டும் கோப்பிலேயே இருந்தாள்.

பதினெட்டாம் வருஷம், இருமலுக்கு நடுவே ரிஃப்கி கேட்டான்: "எனக்குப் பைத்தியம் இல்லேன்னு உனக்குத் தெரியும்லண்ணே?"

"தெரியும்டா."

என் நோட்டைக் காட்டினான். "அப்ப இதையும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அதை வைத்த படத்தில் மக்கள் அதிகம் சிரித்தது அந்த இடத்துக்குத்தான்.

அடுத்த குளிர்காலத்தில் அவன் நுரையீரல் கெட்டு இறந்தான். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. தம்பி போன துக்கத்தில் பேனாவை வைத்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. நானும் மறுக்கவில்லை.

ஏன் எழுதுவதை நிறுத்தினேன் என்று நீங்கள் கேட்டதால் ஒப்புக்கொள்கிறேன். குணமானவனைப் பொய் சொல்லிப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் அடைத்து வைத்தவன் நான்தான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையைக்கூட நான் வீணாக விட்டதில்லை. சொந்தத் தம்பி பேச்சை அத்தனை வருஷம் அப்படிக் கவனித்துக் கேட்ட அண்ணன் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.